அந்த மெட்டு ரயிலில் பிறந்ததாம்

பெரிய பாடகர் ஒருவரின் சுயசரிதையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கல்யாணங்களிலும் போடுகிற அந்தப் பாட்டின் மெட்டு, பம்பாய் போகும் ரயிலில் தோன்றியதாம். படித்ததும் சாமந்தி வாசனை வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா, எங்கள் நைனா, இறந்த மறுநாள், எங்கள் காசிமேட்டு வீட்டுப் பந்தலில் மீன் வாடையும் சாமந்தி மாலைகளின் வாசனையும் ஊதுவத்திப் புகையும் கலந்து நின்றன. ஒல்லியான பையன் ஒருவன் டோலக் தட்டிக் கானா பாடினான். செத்தவர் பெயரைப் பாட்டில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"இன்னொரு வாட்டி மச்சான் பேரச் சொல்லு தம்பி, கடலு வரைக்கும் கேக்கணும்," என்று மாமா கத்தினார். பையன் நைனா பெயரை இழுத்து இழுத்துப் பாடினான்.

அவன்தான் இந்தப் பாடகர். மெட்டும் அதேதான். நைனா பெயர் வந்த இடத்தில் இப்போது 'கண்ணே' வருகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ரயிலாம்மா. நம்ம வூட்டுச் சாவப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

அம்மா மீன் ஆய்வதை நிறுத்தவில்லை. "சாவு மெட்டுனு எழுதுனா எவன்டா கல்யாணத்துல போடுவான்? அவனுக்கும் பொழப்பு கீது."

அவள் திடுக்கிடவே இல்லை. கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டு தொடங்கியதும் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். இரைச்சல் ஆகாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.