மாடிப்படிக்கு அடியில் ஒரு குடித்தனம்

கட்டட வேலைக்கு வந்த எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டடம் உயர உயர நாங்களும் அதோடு மாடி ஏறுவோம். ஒரு தளத்தில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் பாயும் அடுப்பும் அங்கே போய்விடும். அந்தத் தளத்தில் பூச்சு வேலை தொடங்கினால் அடுத்த தளம். பெயின்ட் வாசனை வரும்போது மற்றவர்கள் வேறு கட்டடம் தேடிப் போவார்கள். காவலுக்கு ஒரு குடும்பம் மட்டும் தங்கும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்தைச் செங்கல்லால் மறைத்து, ஒரு தகரக் கதவு போட்டு, அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். மைசூரில் ரிங் ரோட்டுக்கு வெளியே இருந்த ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் அந்தக் குடும்பம் நாங்கள்தான்.

எங்களுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். என் வீட்டுக்காரர் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். இடுப்பு போனபிறகு பாரம் தூக்க முடியவில்லை. காவல் வேலையும் அதோடு வந்த அந்த அறையும்தான் எங்களை இந்த ஊரில் நிறுத்தி வைத்திருந்தன. கட்டடம் இருக்கிறவரை நீங்கள் இருக்கலாம் என்று ஓனரும் சொல்லியிருந்தார்.

நான் ஏழாவதோடு நின்றவள். எதையும் நினைத்து நினைத்துப் பயப்படுவது என் சுபாவம். சிலிண்டரை மூடிவிட்டுப் படுப்பேன், எழுந்து போய் மறுபடி திருகிப் பார்ப்பேன். கால்மாட்டில் சிலிண்டர், தலைக்கு மேலே படி. அந்த நினைப்பே என்னைத் தூங்கவிடாது.

"ஏனுங்க, இங்க தீப் புடிச்சா ஆறு மாடிக்காரங்களும் நம்ம தலைமேலதானுங்க எறங்கோணும்" என்பேன்.

"இன்னும் ஒரு ஆளு குடி வரல. அதுக்குள்ள எல்லாத்தையும் எறக்கீட்டியா புள்ள?" என்று அவர் சிரிப்பார்.

ஒருநாள் ஓனர் அவசரமாக வந்தார். தீயணைப்பு அதிகாரி கட்டடத்தைப் பார்க்க வருகிறாராம். அவர் சான்று கொடுத்தால்தான் வீடுகளில் ஆட்களைக் குடிவைக்க முடியும். மாடிப்படிக்கு அடியில் அடுப்பும் ஆளும் இருக்கவே கூடாது என்பது விதி.

"ஒரே ஒரு தினம் அம்மா. எல்லாம் எத்திடு. அவரு ஹோத மேலே திரும்பி வெச்சுக்கோ. ஆய்த்தா?" என்றார். கன்னடமும் தமிழும் கலந்துதான் எங்களிடம் பேசுவார். எல்லாவற்றையும் எடுத்துவிடு, அவர் போனபிறகு திரும்ப வைத்துக்கொள் என்கிறார்.

நான் பயந்து பயந்து சொன்னதை அரசாங்கமே விதியாக எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அன்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டால் நாங்கள் எங்கே போவது?

சாமான்களை எங்கே ஒளிப்பது என்று பார்த்தோம். வீடுகளுக்கெல்லாம் பூட்டு. கார் நிறுத்துகிற இடம் பளிச்சென்று தெரியும். பின்பக்கம் இன்னொரு மாடிப்படி இருந்தது. தானே மூடிக்கொள்ளும் கனமான கதவுக்குப் பின்னால் அது எப்போதும் காலியாகக் கிடக்கும். லிஃப்ட் இருக்கிறது, முன்படி இருக்கிறது, பின்படியில் யார் வரப்போகிறார்கள்? கட்டட ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் பெட்டகம். சிமென்ட் மூட்டையைக்கூட அங்கேதான் வைப்பார்கள்.

"நல்ல எடம் புள்ள. ஒரு ஈ, காக்கா வராது" என்றார் இவர். மடக்குக் கட்டில், அரிசி டப்பா, சிலிண்டர், எவர்சில்வர் குடம் எல்லாம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தன.

அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். எங்கள் அறைக்குள் குனிந்து பார்த்தார். காலிதான். ஆனால் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்து, விரலில் ஒட்டிய கரியைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு ஓனரோடு லிஃப்டில் மொட்டைமாடிக்குப் போனார். மேலே இருந்து ஓனர் போன் செய்து மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். கரண்ட் இல்லாமல் பின்படி வழியாக இறங்கி வருவாராம் அதிகாரி.

"அய்யோ, பின்னாடிப் படிங்களா!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தடால் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து குடம் ஒவ்வொரு படியாக உருண்டு வந்தது. ஒரு கட்டடம் முழுக்க மணி அடித்த மாதிரி இருந்தது.

கீழ்க்கதவைத் தள்ளிக்கொண்டு அதிகாரி வெளியே வந்தார். நசுங்கிய குடம் அவர் கையில்.

"இது யாருது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வேலைக்காரங்க விட்டுட்டுப் போன பழசு சார்" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த ஓனர்.

அதிகாரி என்னையே பார்த்தார். "என்னுதுதான் சார்" என்றேன்.

அவர் கத்தவில்லை. முன்படியில் புகை ஏறினால் அத்தனை பேரும் பின்படிக்குத்தான் ஓடிவருவார்கள், அப்போது விளக்கும் இருக்காது, உன் கட்டிலில் முதல் ஆள் தடுக்கி விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் அவன்மேல் விழுவார்கள் என்றார். அதை அவர் எனக்கு விளக்கவே வேண்டியதில்லை. சொல்லும்போதே ஒவ்வொருவராக விழுவது எனக்குத் தெரிந்தது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "ஹாகாத்ரே நாவு எல்லி மலகோது, சார்?" அப்படியானால் நாங்கள் எங்கே படுப்பது?

இவர் என் முழங்கையைக் கிள்ளினார். ஓனர் முறைத்தார். அது என் வேலையில்லை அம்மா என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு அப்படியே கொஞ்சம் நின்றார். பிறகு கேட்டுக்கு அருகே இருந்த முன் அறையைத் திறந்து பார்த்தார். ஜன்னல் இருந்தது; கதவு நேரே வெளியே திறந்தது. இந்த மாதிரி இடத்தில் ஆள் படுக்கலாம், சிலிண்டர் மட்டும் உள்ளே கூடாது என்றார்.

"சார், அது என் ஆபீஸ் ரூம்!"

எங்கே படுக்கலாம் என்றுதான் நான் சொன்னேன், யார் படுப்பது என்பது உங்கள் விஷயம் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். பின்படி காலியாகி, முன்படிக்கு அடியில் இருக்கும் செங்கல் சுவரை இடித்தபிறகுதான் கையெழுத்தாம்.

ஜீப் போனதும், எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஓனர் என்மேல் பாய்ந்தார். "உனக்கு பாயி ஜாஸ்தி ஆச்சு. வெளியே எங்கேயாவது ரூம் பார்த்துக்கோ. அவன் மட்டும் காவலுக்கு வரட்டும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அவள வெளிய அனுப்பீட்டு நா மட்டும் வரமாட்டனுங்க."

காலிக் கட்டடத்தில் காவல் இல்லாவிட்டால் குழாயும் ஒயரும் தங்காது என்பது ஓனருக்குத் தெரியும். இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு ஆபீஸ் அறையைப் பலகையால் தடுத்து, ஜன்னல் இருந்த பாதியை எங்களுக்கு விட்டார். கரண்ட் அடுப்பு ஒன்றும் கொடுத்தார், சலித்துக்கொண்டேதான். படிக்கடியில் இருந்த எங்கள் சுவரை ஆள் வைத்து இடித்தார்கள். நான் நின்று பார்த்தேன். அந்த விதிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இனி குடிவரப்போகும் முகம் தெரியாதவர்களுக்காக யாரோ உட்கார்ந்து கவலைப்பட்டு எழுதியது அது. கவலைப்படுகிறவர்களை எனக்குப் புரியும். காவல்காரனும் இரவில் எங்கேயாவது படுக்க வேண்டும் என்று இன்னொரு வரி கவலைப்பட்டிருக்கலாம்.

சான்று வந்தது. புது இடத்தில் முதல்நாள் கரண்ட் அடுப்பில் டீ வைத்தேன்.

"இப்பவாவது நிம்மதியாத் தூங்குவியா?" என்றார் இவர்.

"அந்த ஒயரைத் தொட்டுப் பாருங்க. சுடுதாட்டம் இருக்குது."

தொட்டுப் பார்த்தார். "இல்ல புள்ள."

"நல்லாத் தொடுங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் மறுபடி தொட்டார்.