பதில் வரும்வரை

கணினி கண் விழித்ததும் அதன் பாதுகாப்புச் சிப்போடு முதலில் பேசுகிற நிரலை எழுதுவதுதான் மொந்தேவிதேயோவில் ஒதில்யாவுக்கு வேலை. சரியான மந்தச் சிப் அது. பதில் தயார் என்று அது சொல்வதற்குள் அடுத்த கட்டளையை அனுப்பினால், இருந்த பதிலும் போய்விடும். அன்று, உடன் வேலை பார்க்கும் ஃபாபியான் அப்படித்தான் அனுப்பித் தொலைத்திருந்தான்.

"அது வாயத் திறக்குறதுக்குள்ள என்னடா அவசரம்? கொஞ்சம் சும்மா இரேன்" என்று எரிந்து விழுந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் எல்பியோவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு திக்கும். மாத்தே என்ற இலைத் தேநீரை இருவரும் மாறி மாறிக் குடிக்க ஒரே குடுவைதான். தன் முறை முடிந்தும் அவன் அதைத் திருப்பித் தரவில்லை.

"குடிச்சாச்சுன்னா குடு. கையிலயே பிடிச்சுக்கிட்டிருக்க அது என்ன, மைக்கா?"

"த... த..."

"தலகாணி வேணுமா? தைலமா?"

அவன் முகம் சுருங்கி, சொல்ல வந்ததை விட்டுவிட்டான். ஃபாபியானைத் திட்டியது நினைவுக்கு வந்து ஒதில்யாவுக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு கணவனையே பார்த்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து வந்தது: "தண்ணி... ஆறிப்போச்சு."

"ஆறாம என்ன செய்யும்?" என்று சிரித்தபடி எழுந்தவள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவன் உதடுகள் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தன.