உடைந்த கமராவும் மிஞ்சிய மூன்று லென்ஸும்

அன்று காலை நான் சாம்பல்தீவுக் கரைக்குப் போனது கரைவலை இழுப்பதைப் படமெடுக்கத்தான். நகரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். விடுதிக்காரர் ஒருவர் சுவரில் மாட்ட நாலைந்து படம் கேட்டிருந்தார். வலை பாதி கரைக்கு வந்திருந்தபோது இரண்டு வள்ளங்கள் மணலில் வந்து ஏறின. சுருக்கு வலைக்காரர்கள், மீன் கரைக்கு வருமுன் கடலிலேயே வளைத்து அள்ளுகிறவர்கள். அதற்கு முந்தின வாரம் கரைவலைக்காரர்கள் அவர்களுடைய வலை ஒன்றை எரித்திருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். இறங்கியவர்களின் கைகளில் துடுப்பும் இரும்புக் குழாயும் இருந்தன.

பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. கயிற்றைப் பிடித்து நின்றவர்களை நின்ற நிலையிலேயே அடித்தார்கள். விட்டால் வலை போய்விடும் என்று சிலர் அடிவாங்கிக்கொண்டும் கயிற்றை விடவில்லை. எலும்பில் குழாய் படும்போது காய்ந்த விறகை மிதித்து முறிப்பது போல ஒரு சத்தம் வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது.

நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கமரா கண்ணோடு இருந்தது, விரல் தானாகப் பொத்தானை அமர்த்தியது; யார் முகமும் மனதில் பதியவில்லை. பிறகு பிடரியில் ஒன்று விழுந்தது. மணலில் கிடந்தபடி, யாரோ என் கமராவை நங்கூரத்தால் குத்துவதைப் பார்த்தேன். அவனுடைய கால்களை மட்டும்தான் பார்த்தேன். அது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் மச்சான், என் மனைவியின் தமையன். அவரும் சுருக்கு வலை வள்ளம் வைத்திருப்பவர். அன்று கரைக்கு வரவில்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்.

"படம் ஏதும் மிஞ்சினதோ?" என்று கேட்டார்.

"கமராவே உடைஞ்சு போச்சு. எங்க பாக்கிறது?"

"அதை விடு. நான் உனக்குப் புதுசா ஒண்டு எடுத்துத் தாறன். அந்தப் பழசை எறி."

அவர் அப்படி இரக்கப்படுகிறவர் அல்லர். ஆனாலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் என் லென்ஸ்கள்தான். பையிலிருந்த இரண்டும் தப்பியிருந்தன. கமராவில் பூட்டியிருந்த நீள லென்ஸும் ஒரு கீறலோடு பிழைத்துவிட்டது. பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

புதுக் கமராவில் அவை பூட்டாது என்று பயந்தேன். நகரத்துக் கமராக் கடைக்காரரும் அதையே சொன்னார். "அண்ணை, இந்தக் கமரா இப்ப வாறதே இல்லை. புதுசுக்கு வாய் வேற அளவு. உங்கட லென்ஸ் பூட்ட ஏலாது. இடையில வளையம் ஒண்டு போட்டா வேலை செய்யும், ஆனா மெதுவா. கலியாண வீட்டுக்குச் சரிவராது."

அதனால் அதே வகைப் பழைய கமராவை, லென்ஸ் இல்லாமல் வெறுமனே யாரிடம் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டு திரிந்தேன். இதற்கிடையில் முகத்தில் அடிபட்டவருக்கு இடது கண் போய்விட்டது. அடித்தவன் என்று ஒரு வள்ளக்கூலியைப் பொலிஸ் பிடித்து, வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைத்திருந்தது. அடிபட்டவர்களில் யாராலும் ஆள் அடையாளம் சொல்ல முடியவில்லை; கண்டதாகச் சொன்ன ஐந்து பேர் அவனைத்தான் காட்டினார்கள். ஐந்து பேரும் மச்சானின் வள்ளத்தில் வேலை செய்கிறவர்கள்.

கடைசியில் தோப்பூரில் ஒருவரிடம் கமரா கிடைத்தது. முன்பு கலியாணப் படம் எடுத்தவர், இப்போது உரக்கடை வைத்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். அலுமாரியிலிருந்து துணியில் சுற்றியபடி எடுத்துத் தந்தார். கீறல் விழுந்த லென்ஸையே முதலில் பூட்டிப் பார்த்தேன். இறுக்கமாகப் பொருந்தியது.

"கார்ட் இருக்கா? போட்டு அமத்திப் பாருங்க" என்றார்.

என்னிடம் இருந்தது உடைந்த கமராவின் கார்ட் ஒன்றுதான். பழைய காலத்துத் தடித்த கார்ட். அதை வாசிக்கும் கருவி எப்போதோ பழுதாகி, கமராவிலிருந்தே வயர் போட்டுத்தான் படங்களை இறக்கி வந்தேன். அதைப் போட்டதும் பின்திரையில் அந்தக் கரை வந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஐந்தாவது படத்தில் மச்சான் நின்றார். இரண்டு கையாலும் குழாயைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தார். ஆறாவதில் குழாய் அந்த மனிதரின் முகத்தில் இருந்தது. விளக்கமறியலில் இருந்தவன் அதே படத்தின் ஓரத்தில், வெறுங்கையோடு, மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

உரக்கடைக்காரர் என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டார்.

"ஆரு இது?"

"மனுசியின்ர தமையன்."

கமரா சுற்றியிருந்த துணியை மடித்தார். "அழிச்சிப்போட்டு வீட்டுக்குப் போங்க. உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்?"

அழிக்கும் பொத்தானில் பெருவிரலை வைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். விரலை எடுத்துக் கமராவுக்குரிய காசைக் கொடுத்தேன். பிறகு கமராவை அணைத்துப் பையில் போட்டேன்.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு படத்தையும் பலமுறை மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் இப்பிடித்தான் ஒருக்கா ஓங்கினவர்" என்றாள். "நான் கையை வச்சுத் தடுத்தனான்." அவளுடைய வலது முழங்கை ஏன் முழுதாக நீளாது என்று கலியாணமான பன்னிரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை. சின்ன வயதில் விழுந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"குடுங்கோ. கொண்டுபோய்க் குடுங்கோ."

கண் போனவரின் வழக்கறிஞரிடம் கார்டைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம், பொலிஸ் தேடிப்போவதற்குள், மச்சான் எப்படியோ அறிந்து ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். கண்ணாடிக் கதவை அவர் திறக்கவில்லை, உதைத்து உடைத்துக்கொண்டு வந்தார். என் தலையை மேசையில் மூன்று தரம் மோதினார். ஒவ்வொரு தரமும் "சொந்தத்தைக் காட்டிக் குடுப்பியோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தபோது அதற்குள்ளும் ஒரு குத்து விழுந்தது. என் வலது கையை மேசையில் விரித்துப் பிடித்து, விளக்குத் தாங்கியின் காலால் விரல்களில் அடித்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்தாள். எவர்சில்வர் சாப்பாட்டுக் கரியரால் அவரின் காதடியில் ஓங்கி அடித்தாள். அவர் திரும்பினார். திரும்பிய முகத்திலும் அடித்தாள். குழம்பும் இரத்தமும் வடிய அவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து அவளைத்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மச்சான் இப்போது சிறையில். மாமியார் வீட்டில் எங்களோடு கதைபேச்சு இல்லை. மனைவி அதற்காக அழுததை நான் காணவில்லை. சில நாட்களில் குசினியில் பாத்திரங்களைக் காரணமில்லாமல் பலமாகப் போட்டு வைப்பாள். நான் போக மாட்டேன். என் ஆட்காட்டி விரல் மடங்காது. நடுவிரலால் அமர்த்தப் பழகிவிட்டேன்.

விடுதலையான வள்ளக்கூலி ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தான். வெளிநாட்டு வேலைக்குப் போக பாஸ்போட் படம் வேண்டுமாம். உள்ளே இருந்த ஒன்றரை மாதத்தில் மற்றக் கைதிகள் அவனை அடித்து முன்பற்களை உடைத்திருந்தார்கள். நன்றி என்று அவன் சொல்லவில்லை, ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்றும் கேட்கவில்லை. கதிரையில் நேராக இருந்துகொண்டு, "பல்லுத் தெரியக்கூடாது எண்டு சொல்லினம், ஓமோ?" என்றான்.

"ஓம்."

"அப்ப நல்லது" என்று வாயை மூடிக்கொண்டான்.