ஹாஜியார் தோட்டத்து அடுப்புக்கல்

என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில், நாலாக மடித்த பிறவுண் பேப்பர் ஒன்று இருக்கிறது. விரித்தால் நடுவில் கரியால் தேய்த்தெடுத்த ஓர் உருவமும் சில ஆங்கில எழுத்துகளும் தெரியும். அவற்றையெல்லாம் விடப் பெரிதாக ஐந்து விரல்களின் நெய்க்கறை. போன தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது மருமகள் அதை எடுத்து, "மாமி, இந்த எண்ணெய்ப் பேப்பரை எறியட்டே?" என்று கேட்டாள். "எறிஞ்சால் உம்மையும் சேர்த்து எறிவன்" என்றேன். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும், அந்த விரல்கள் எங்கள் சீஃப் கிளார்க்குடையவை என்று.

அப்போது நான் திருகோணமலையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் டைப்பிஸ்ட். சீஃப் கிளார்க் தன் தண்ணீர்த் தம்ளரை மேசைக்குள் வைத்துப் பூட்டுகிற மனிதர். பிறர் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் துறைமுகத்தின் வரலாறு. அதை ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார், மத்தியான இடைவேளைகளில் நான் அடித்துக்கொடுப்பேன். அதன் ஏழாம் அத்தியாயம் முழுக்க ஒரு கல்லைப் பற்றியது. இருபது வருடங்களுக்கு முன்பு, மூதூருக்குத் தெற்கே ஒரு தென்னந்தோட்டத்துக்குக் கந்தோர் அலுவலாகப் போனபோது, கொட்டும் மழையில், ஒரு மரவேருக்குக் கீழே பாதி புதைந்து கிடந்த கல்லைக் கண்டாராம். நங்கூரத்தின் வளைந்த அடிப்பாகமும் இரண்டு மூன்று எழுத்துகளும் தெரிந்தனவாம். அவ்வளவு போதும் அவருக்கு. அது ஓர் ஒல்லாந்தக் கப்பல் தலைவனின் கல்லறை, ஆகவே ஒல்லாந்தர் முதலில் கால் வைத்தது தென்கரையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். இருபது வருடமாக ஊரில் அவரிடம் அந்தக் கதையைக் கேட்காத காது இல்லை.

மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. பிரியாவிடைக் கூட்டத்தில், ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால், அந்த ஏழாம் அத்தியாயத்தையே வாசிப்பதென்று தீர்மானித்திருந்தார். வாசிப்பதற்கு முன் ஒருதரம் கல்லை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தோட்டத்துக்காரர் மூதூர் ஹாஜியார், நல்ல மனிதர். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "அதுக்கென்ன சேர், ஞாயித்துக்கிழமை கந்தோரே திரண்டு வாங்க, பகல் சாப்பாடு எங்கட" என்றார். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. பாண் ரொட்டிக்கு விடிய முன்னமே வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். உண்மையைச் சொல்லுகிறேன், எங்களில் ஒருவருக்கும் ஒல்லாந்தரில் அக்கறை இல்லை. நாங்கள் சோற்றுக்குத்தான் போனோம்.

லோஞ்சில் குடாவைக் கடந்தபோது அலை எகிறி என் சேலை பாதி நனைந்தது. மூதூர் இறங்குதுறையிலிருந்து உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினோம். ஓர் ஓடையில் அது புதைய, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். சீஃப் கிளார்க் மட்டும் பெட்டியிலேயே இருந்தார், மடியில் மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சல். தோட்டத்தில் இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல், "கல்லு எங்கை?" என்றார்.

ஹாஜியார் தலையைச் சொறிந்தார். "அந்த மரம் விழுந்திட்டுது சேர். கல்ல எடுத்து குசினிக்குப் பின்னால அடுப்புக்கு வெச்சிருக்கம்."

போய்ப் பார்த்தோம். மூன்று கற்களின் மேல் ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய கிடாரம். அதில் எங்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்குமாக நெய்ச்சோறு வெந்துகொண்டிருந்தது. மூன்றில் ஒன்று சீஃப் கிளார்க்கின் கல். எழுத்திருந்த முகம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீஃப் கிளார்க் கிடாரத்தை இறக்கச் சொன்னார். சமையலுக்குப் பொறுப்பு ஹாஜியாரின் அக்கா, எல்லாருக்கும் ராத்தா. கையில் அகப்பையோடு அவர் சொன்னார்: "ஏலாது. சோறு தம்மில இரிக்கி. கிடாரம் வெறுமையானாத்தான் இறக்குவன்."

"நாலு மணிக்குக் கடைசி லோஞ்ச், அக்கா."

"அப்ப வெள்ளனச் சாப்பிடுங்க."

சீஃப் கிளார்க் மணிக்கூட்டைப் பார்த்தார், கிடாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு இடியப்பப் பார்சலை ஒரு பொடியனிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தார். "எல்லாரும் வந்து இருங்கோ. இண்டைக்கு ஆரும் நாகரிகம் பார்க்கக்கூடாது."

சஹன் என்கிற பெரிய தட்டுக்கு ஆறு பேராகச் சுற்றியிருந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பெண்களுக்கு அடுத்த அறையில் தனிச் சஹன். நான் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். தம்ளரைப் பூட்டிவைக்கிற மனிதர், எங்கள் பியோனின் கைக்குப் பக்கத்தில் கை வைத்துக் கடமைக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் பிடியில் வேகம் குறைந்தது. ஐந்தாம் பிடியில் கண்ணை மூடினார். ராத்தா அனுப்ப அனுப்ப, வேண்டாமென்று ஒருதரமும் சொல்லவில்லை. பியோன் எழுந்து போய்ப் பார்த்துவந்து, "சேர், கிடாரம் காலி" என்றபோது அவர் சொன்னார்: "கொஞ்சம் பொறும், இந்த எலும்பை முடிச்சுப்போட்டு வாறன்."

கிடாரம் இறங்கியது. யாரோ வாளித் தண்ணீரோடு ஓடிவர, "ஊத்தாதேங்கோ, கல்லு வெடிச்சிடும்" என்று சீஃப் கிளார்க் குறுக்கே விழுந்தார். தென்னோலையால் நாங்கள் மாறிமாறி விசிறினோம். சூடு ஆறியதும், சாப்பிட்ட கையைக் கழுவாமலே பார்சல் சுற்றியிருந்த பேப்பரை வாங்கிக் கல்லில் ஒட்டப் பிடித்து, அடுப்புக் கரியால் தேய்த்தார். வளைவு வந்தது. அது மேலும் மேலும் வளைந்து போய், நங்கூரமாகாமல் குதிரை லாடமாக நின்றது. கீழே ஆங்கிலத்தில், பழைய வெள்ளைக்காரத் தோட்டத்துரை ஒருவர் தன் குதிரைக்கு எழுதிய இரண்டு வரி. குதிரையின் பெயர் ஜூலி.

ராத்தாதான் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் நான் குதிரைட தலைமாட்டிலயா சோறாக்கினன்?" நாங்கள் வெடித்துச் சிரித்துவிட்டோம். சீஃப் கிளார்க் சிரிக்கவில்லை. எனக்கு உடனே வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடம், ஓர் எலும்பு கடித்து முடிக்கிற நேரத்தில் போனதே.

திரும்பும்போது லோஞ்சில் இரண்டாம் கிளார்க் அவர் காதோடு சொன்னது எனக்கும் கேட்டது. "சேர், கல்லைத் திரும்ப அடுப்பிலை வைச்சிட்டாங்கள். ஆர் வந்து பார்க்கப்போறாங்கள்? அத்தியாயத்தை அப்படியே வாசியுங்கோ. நாங்களும் வாய் திறக்கமாட்டம்." அவர் மடியிலிருந்த பேப்பரை நாலாக மடித்தார். ஓமென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நான் நம்பி அடித்த பக்கங்கள் அல்லவா அவை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பழைய ஏழாம் அத்தியாயம் குறுக்கே கிழிந்து கிடந்தது. "பிள்ளை, புதுத் தாளைப் போடுங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்: "தென்கரைக் கல்லைப் பற்றி நான் இருபது வருடமாகச் சொல்லிவந்தது பிழை. அது ஒரு குதிரையின் கல்லறை." முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தாளை உருவப்போனேன். "பொறுங்கோ, இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார். "அந்தக் கல்லில் வெந்த நெய்ச்சோறு மிகத் திறம்."

"சேர், இது வரலாறே?"

"நான் முழுசா விசாரிச்சு அறிஞ்சது அது ஒண்டுதான், பிள்ளை. அடியுங்கோ."

அந்த மூன்று வரியைத்தான் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். சபை சிரித்துத் தீர்க்க நெடுநேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த ஹாஜியார் தலைப்பாகைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் சீஃப் கிளார்க் அந்தக் கரி தேய்த்த பேப்பரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். இன்றைக்கு என் கைப்பேசியில் வரலாறு என்ற பெயரில் என்னென்னவோ வந்து விழுகிறது, எழுதியவன் எவனும் பிழை என்று ஒப்புக்கொண்டதைக் காணோம். அப்படியான நாட்களில் இந்தப் பேப்பரை எடுத்து விரிப்பேன். ஜூலியின் லாடம் இப்போது பாதி அழிந்துவிட்டது. நெய் பட்ட ஐந்து விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.