டிரைவர் வீட்டுக் கெரம் போர்ட்

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். பெண், எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டுகிறவரின் மகள். தூரத்துச் சொந்தம். போய்ப் பார்த்தோம், வடை தின்றோம், அவர்களும் என்னைப் பார்த்தார்கள். பதில்தான் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆர்டர் வந்தது. வீட்டில் விளையாட நல்ல கெரம் போர்ட் ஒன்று நான் செய்து தர வேண்டுமாம்.

"ஒன் கைத்திறன பாக்குறாரு டிரைவரு," என்றார் மச்சான். என் அக்கா புருசன். மாத்தளை மார்க்கட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய தச்சுப் பட்டறையில்தான் நான் வேலை செய்தேன். "போர்ட் சரியா இருந்தா பொண்ணு. இல்லாட்டி தின்ன வடையோட சரி."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

கெரம் போர்டின் சுற்றுக்கட்டைகளை நேராகச் சேர்ப்பது லேசான வேலையில்லை. ஒவ்வொரு மூலையாக மட்டம் பார்த்து ஆணி அடிப்பதற்குள் சாதாரண மனிதனுக்கே கை பிசகும். என் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் ஓர் அச்சு செய்துகொண்டேன். தடித்த பலாப் பலகையின்மேல் இரண்டு சட்டங்களை ‘ட’ எழுத்தைப்போல வைத்துத் திருகாணி முடுக்கியது, அவ்வளவுதான். கட்டைகள் இரண்டையும் அந்த மூலைக்குள் அழுத்திப் பிடித்தால் தானாக நேராகச் சேர வேண்டும். சேர்ந்தது. மேல்பலகையைச் சுற்றுக்கட்டைச் சட்டத்தின் அளவுக்கே அறுத்து அடித்து, மெருகு பூசி, டிரைவரின் லொறி டவுனுக்கு வந்த அன்று ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த போர்ட் செய்தபோதுதான் சங்கதி தெரிந்தது. அதற்கு மேல்பலகை மரமடுவத்திலிருந்து சதுரமாகவே அறுபட்டு வந்திருந்தது. சட்டத்தின்மேல் வைத்தேன். ஒரு பக்கத்தில் தீக்குச்சி கனத்துக்குப் பலகை வெளியே நீட்டியது, எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்குக் குறைந்தது.

"சீவி விடு," என்றார் மச்சான், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

"மச்சான், பலக கோணலா, சட்டம் கோணலா, அச்சு கோணலா?"

"மட்டம் பாரு."

"மூலமட்டமே கோணலா இருந்தா?"

"ஏழாம் வகுப்போட மட்டம் போட்டவன் மட்டத்தையே சந்தேகப்படுறான்," என்றார் அவர். பட்டறைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆனாலும் பார்த்தேன். நேரான பலகை ஓரத்தில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தேன். மட்டத்தைப் புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்தன. மூலைமட்டத்தின்மேல் குற்றமில்லை. அதை அச்சுக்குள் வைத்தேன். ஒரு சட்டத்தின் நுனியில், மட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கடைசித் திருகாணியை முடுக்கும்போது அது மரத்தின் நார் போன போக்கில் போய்ச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அப்படியானால் டிரைவர் வீட்டில் இருக்கும் போர்ட்? அதுவும் இதே அச்சில் பிறந்ததுதான்.

உடனே அச்சைத் திருத்தினேன் என்று சொன்னால் பொய். திருகாணியைத் தளர்த்திச் சட்டத்தை நேராக்கி மறுபடி முடுக்கினேன். முடுக்கி முடிந்ததும் வெளிச்சம் பழைய இடத்திலேயே தெரிந்தது. இன்னொரு தரம் செய்தேன். திருகாணி தன் பழைய துளையைத் தேடிப்போய் உட்கார்ந்தது.

"அந்த ஸ்குரூ ஆணிக்கு ஒன்னவிட ஞாபகம் ஜாஸ்தி," என்றார் மச்சான்.

பஸ் டிக்கட்டை மடித்து இடையில் சொருகிப் பார்த்தேன். கோணல் மறுபக்கம் போய்விட்டது. ஒரு மடிப்பைக் குறைத்தால் போதவில்லை. கடைசியில் பழைய துளைக்குள் பசை தடவிய மரச்சீவலை அடித்து இறுக்கி, காயவிட்டு, பக்கத்தில் புதிதாகத் துளை போட்டு முடுக்கினேன். வெளிச்சம் செத்தது. அந்த அச்சில் புதிதாக ஒரு போர்ட் செய்தேன். டிரைவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை போர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைக் கூரையில் போட்டுவிட்டார். மேலே கிடந்து கோணிவிடுமோ என்று வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். தலையை உள்ளே எடுக்கும்படி அவர் சிங்களத்தில் ஏசிக்கொண்டே வந்தார்.

டிரைவர் வீட்டு முன்னறையில், கவிழ்த்து வைத்த தேயிலைப் பெட்டியின்மேல் என் கோணல் போர்ட் இருந்தது. டிரைவரும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கிளாக்கர் வெகுகாலமாக அவரைத் தோற்கடித்து வந்தவராம். இப்போதெல்லாம் அவரே தோற்கிறாராம். கொஞ்ச நேரம் பார்த்ததும் காரணம் விளங்கியது. கட்டையில் அடித்துக் காயைத் திருப்பும்போதெல்லாம் டிரைவர் ஒரு விரல் தள்ளியே குறிவைத்தார். தினமும் விளையாடி அந்தப் போர்டின் கோணல் அவர் கைக்குப் பழகிவிட்டது. கிளாக்கர் நேராகக் குறிவைத்து, காய் எங்கோ போவதைப் பார்த்துத் தன் விரலையே திட்டினார்.

டிரைவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"கிளாக்கர் ஐயா, இந்த போர்ட் நம்ம மாப்புள செஞ்சது."

மாப்புள என்றார். நான் இத்தனை நாள் காத்திருந்த பதில் அதுதான். யாராக இருந்தாலும் அத்தோடு சாக்கை ஓரமாகச் சாத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்திருப்பார்கள். என் வாய் கேட்கவில்லை.

"மாமா, அந்த போர்ட் கொஞ்சம் கோணலுங்க. நேரான போர்ட் கொண்டாந்திருக்கேன்."

கிளாக்கர் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார். கோணலா என்று ஒரு தரம் மெதுவாகக் கேட்டார். பிறகு புதிய போர்டைத் தானே சாக்கிலிருந்து உருவினார். அதில் டிரைவர் அடித்த காய்களெல்லாம் ஒரு விரல் தள்ளியே போயின. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. கிளாக்கர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் வந்தவர் மாதிரி முகத்தோடு இறங்கிப் போனார். திங்கட்கிழமை ஆபீஸ் முழுக்கக் கதை பரவும் என்பது நிச்சயம்.

டிரைவர் காய்களை மறுபடி நடுவில் அடுக்கினார்.

"ஏன் தம்பி, இத அவரு போன பொறகு சொல்லக்கூடாதா?"

தம்பி ஆகிவிட்டேன்.

அப்போது தேத்தண்ணீர் கொண்டுவந்த மகள், கோப்பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "கோணல்னு எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா. அதுக்கு ஒற தச்சேன்ல, ஒரு மூலையில இழுக்குது, அடுத்த மூலையில தொங்குது. நீங்க ஜெயிக்கிறீங்களேன்னு சும்மா இருந்தேன்." என் பக்கம் திரும்பாமலே, "இவருக்கு சும்மா இருக்கத் தெரியல," என்றாள்.

சிரித்தாளா, ஏசினாளா என்று தெரியவில்லை. புதிய போர்டுக்கும் உறை தைக்க அளவு கேட்டாள். சொன்னேன். டிரைவர் புதிய போர்டில் தனியாக அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தது. நான் சொன்னது உள்ளளவா, வெளியளவா? உள்ளளவைச் சொல்லியிருந்தால் உறை ஏறாது. உறை ஏறாவிட்டால் இந்தப் போர்டும் கோணல் என்று நினைப்பார்கள். பஸ் வருவது தூரத்தில் தெரிந்தது. அதை விட்டுவிட்டு மேட்டில் திரும்பி ஏறினேன்.

மூச்சு வாங்க வாசலில் நின்று, அளவு வெளியளவுதான், கட்டையும் சேர்த்துத்தான் என்று சொன்னேன். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் போர்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே உள்ளே கேட்கும்படி சொன்னார்:

"இவரு இப்படியே திரும்பித் திரும்பி வந்துக்கிட்டுதான் இருப்பாரு. அந்தக் கலண்டர எடுத்துட்டு வா. நாளக் குறிச்சிருவோம்."