வெள்ளைத் துணி நேர்ச்சை

தங்கம் விலை இப்படியே விழுந்தால் சுரங்கத்தை மூடிவிடுவார்களே என்ற பயத்தில், கானா நாட்டுத் தார்க்வாவில் பாறை துளைக்கும் துவோது இரண்டு வருஷம் தேவாலயத்தில் முட்டி தேய மண்டியிட்டான். விலை ஏறினால் வெள்ளைத் துணி உடுத்திச் சபை முன்னால் ஆடுவதாக நேர்ந்துகொண்டான். போன மாதம் விலை கிடுகிடுவென்று ஏறியது. மனைவி அஃப்ரியே துணி தைத்து வைத்தாள்.

சனிக்கிழமை முந்நூறு பேருக்கு வேலை போனது. அதில் அவனும் ஒருவன்.

"விலைதான் ஏறிடுச்சே, மேஸ்திரி! அப்புறம் என்ன கேடு?" என்று கேட்டான் துவோது.

"இன்னும் விழும்னு பயந்து, கம்பெனிக்காரனுங்க இனி அஞ்சு வருஷத்துக்கு வெட்டப்போற தங்கத்தை அன்னைக்கு விலைக்கே முன்கூட்டி வித்துட்டானுங்கடா. இப்ப ஏறின வித்தியாசத்துக்கு ஈடு வைன்னு பேங்க்காரன் அவனுங்க கழுத்துல துண்டைப் போட்டு இழுக்கிறான். கையில காசில்லாம நம்மளை வெளிய தள்ளிட்டானுங்க."

"அந்தத் தங்கம் இன்னும் பாறைக்குள்ளதானே கிடக்கு!"

"கிடக்கு. நம்மளது இல்ல."

ஞாயிற்றுக்கிழமை, வேண்டுதல் பலித்தவர்கள் முன்னால் வரலாம் என்றார் பாதிரியார். வெள்ளைத் துணியில் வந்திருந்த துவோது அசையவில்லை.

"கேட்டதைக் கடவுள் குடுத்துட்டாருல்ல? போய் ஆடுங்க," என்றாள் அஃப்ரியே.

எழுந்து போனான். அங்கே ஏற்கெனவே பதினொரு பேர் வெள்ளைத் துணியில் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் சனிக்கிழமை வேலை போனவர்கள்.