இம்புட்டுப் போதுமா மாமா?

வீடியோக்களுக்குப் பின்னணி இசை சேர்ப்பது இப்போது என் பிழைப்பு. சின்ன இசைத்துணுக்கு ஒன்றை லூப்பாக ஓடவிட்டால், அது எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது. நான் முதன்முதலில் கேட்ட லூப்பிலோ ஒட்டுப்போட்ட இடம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அது மாமாவின் லோடு ஆட்டோவில் ஓடியது. அப்பாவின் தங்கையைக் கட்டியவர் அவர். திண்டுக்கல்லில் தெருத்தெருவாகக் காய்கறி விற்றார். ஒலிபெருக்கியில் அத்தையின் குரல்: "வாங்கக்கா வாங்க! ஒட்டன்சத்திரம் தக்காளி, கன்னிவாடி முருங்கக்கா, எல்லாம் காலைல பறிச்சது!" அதோடு விட்டிருக்கலாம். பேசி முடித்ததும் பதிவை நிறுத்த மறந்துவிட்டார்கள். "இம்புட்டுப் போதுமா மாமா?" என்று அத்தை கேட்டதும் சிரித்ததும் கூடவே விழுந்துவிட்டன. ஊரே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டாலே "இம்புட்டுப் போதுமா மாமா?" என்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு கோடை விடுமுறையில் அத்தை கோபித்துக்கொண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன சண்டை என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்? "அவரு வந்து ஒரு வார்த்த கூப்பிடட்டும், அனுப்புறேன்" என்றார் அப்பா. மாமாவோ படியேறவில்லை. வண்டி மட்டும் தினமும் வந்து எங்கள் வீட்டெதிரே வெகுநேரம் நின்று கத்தியது.

அத்தை சன்னலோரம் பூக்கட்டிக்கொண்டிருப்பாள். அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் கை நின்றுவிடும். கூடை நிறையத் தக்காளி இருக்க, என்னைத் தக்காளி வாங்க அனுப்புவாள். மாமா எடை போட்டபடியே, "அத்த சாப்டுச்சா?" என்பார். எனக்கு இருந்த கவலையே வேறு.

"அந்தக் கடைசிய வெட்டிருங்க மாமா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க ஆத்தா."

ஒருநாள் வண்டி வந்தபோது ஏதோ ஓர் ஆண் குரல் கத்தியது. எல்லாக் காய்கறி வண்டியிலும் ஓடுமே, அந்தக் குரல். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. பூவை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புக்கூட இல்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

"என் குரல அழிச்சுட்டீகளா?"

"ஐயோ, இல்லப்பா! மெமரி கார்டு போயிருச்சு. கடையில குடுத்துப் பாத்தேன், எடுக்க முடியலன்னுட்டான்." மாமா முன்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டார். "நீ வந்து பேசிக் குடு. வா."

வாசலில் நின்ற அப்பா உள்ளே போய் அத்தையின் பெட்டியை எடுத்துவந்து வண்டியில் வைத்தார்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். மாமா செல்போனை நீட்ட, தக்காளியில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "இம்புட்டுப் போதுமா மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். மாமா அப்போதும் பதிவை நிறுத்தவில்லை.

ஊரே சிரித்தும் இவர்களுக்குப் புத்தி வரவில்லையே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.